நகம் நிறம் மாறினால் படகேற வேண்டுமா?

உறவின் நெருக்கத்துக்கு "நகமும் சதையும் போல" என்று உவமை கூறும் நாம், அந்த நகத்தை நாள்தோறும் கண்டும் காணாதவராகவே இருந்துவிடுகின்றோம். முகத்தில் ஒரு பரு எழுந்தால் கண்ணாடியின் முன் கால்மணி நேரம் நிற்போர், கால்விரல் நகம் மஞ்சளாகித் தடித்து ஓராண்டு கழிந்த பின்னரே அதனைத் திரும்பிப் பார்ப்பர். மறுபுறம், குழந்தையின் நகத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டவுடனேயே கல்சியக் குளிசை வாங்க ஓடும் தாய்மாரும் உளர். முதலாவது அசட்டை, இரண்டாவது வீண்செலவு.

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் வாழ்வோருக்கு இவ்விரண்டும் மற்றையோரிலும் பார்க்கச் சற்று அதிகமாகவே செலவு வைக்கும். ஊர்காவற்றுறையில் இருப்பவர் பண்ணைத் தாம்போதி வழியாக பஸ்ஸிலேயே யாழ்ப்பாண நகரை அடைந்துவிடலாம். நயினாதீவாரோ குறிகட்டுவான் இறங்குதுறை வரை கடலைக் கடக்க வேண்டும். நெடுந்தீவாருக்கு அக்கடற்பயணமே ஏறக்குறைய ஒரு மணி நேரமாகும். சோளகக் காற்று வலுக்கும் காலத்தில் அதுவும் உறுதியில்லை. ஒரு நகத்தைக் காட்டுவதற்காக ஒரு நாட் தொழிலை இழந்து செல்பவர், "இது ஒன்றுமில்லை" என்ற சொல்லோடு திரும்பி வந்தால், அடுத்த முறை உண்மையான ஆபத்து வரும்போது போகாமலே இருந்துவிடுவார். ஆகவே எந்த நகத்துக்குப் படகேற வேண்டும், எதனை வீட்டு முற்றத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அறிந்துவைத்தல் இங்கு வெறும் பொது அறிவன்று.

நம்முடைய சித்த வைத்தியர் நோயறியும் எண்வகைத் தேர்வில் நாடி, நா, விழி முதலியவற்றோடு நிறத்தையும் ஒன்றாக வைத்தனர். நகம் அந்த நிறத்தைத் தெளிவாகக் காட்டும் இடங்களுள் ஒன்று. எம்மைப் போன்ற கருநிறத்தோருக்கு உடம்பின் வெளிறலும் நீலமும் தோலில் எளிதிற் புலப்படா. உதடும் நாவும் கண்ணிமையின் உட்புறமும் நகத்தின் அடியுமே அவற்றை மறையாது காட்டுவன.

நகம் என்பது உயிரற்ற கெரட்டின் என்னும் புரதத்தாலாகிய ஒரு தகடு. அது உருவாகும் இடம், தோலுக்கடியில் மறைந்திருக்கும் நகவேர். அடியிலே பிறைபோல வெண்மையாகத் தெரிவது அவ்வேரின் முன்விளிம்பே. தகட்டுக்குத் தனி நிறம் இல்லை. அதனூடாகத் தெரியும் இளஞ்சிவப்பு, அடியிலுள்ள நகப்படுக்கையின் இரத்தத்தினுடையது. எனவே நிறம் மாறிய ஒரு நகத்தைக் கண்டால் முதலில் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். நிறம் தகட்டின் மேலே ஒட்டியதா? தகட்டினுள்ளே ஊறியதா? அல்லது தகட்டுக்குக் கீழேயிருந்து தெரிகின்றதா? மேலே ஒட்டிய கறை சுரண்டினாற் போகும். கீழேயிருக்கும் இரத்தத்தின் நிறம் நகத்தை அழுத்தும்போது மறைந்து, விட்டவுடன் திரும்பும். சுகதேகியின் கைவிரலில் அது திரும்புவதற்கு இரண்டு விநாடி போதும். தகட்டினுள் ஊறியது இரண்டுக்கும் அசையாது.

கைந்நகம் ஒரு மாதத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளரும். கால்நகம் அதன் மூன்றிலொரு பங்கு வேகத்திலேயே நகரும். கைந்நகம் முழுவதும் புதிதாக ஆறு மாதம் செல்லும். கால் பெருவிரல் நகத்துக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். வில்லியம் பீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1941-ஆம் ஆண்டில் தமது இடக்கைப் பெருவிரல் நகத்தின் அடியில் அரத்தினால் ஒரு கோடு கீறி, அது நுனியை அடைய எத்தனை நாள் செல்கிறது என்று எண்ணத் தொடங்கினார். மாதந்தோறும் முதலாந் திகதியில் ஒரு கோடு என்று முப்பத்தைந்து ஆண்டுகள் இதனைக் கைவிடாது செய்தார். அவருடைய முப்பத்திரண்டாம் வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீற்றர் வளர்ந்த நகம், அறுபத்தேழாம் வயதில் 0.095 மில்லிமீற்றராகக் குறைந்திருந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இன்றி, ஓர் அரமும் ஒரு நாட்குறிப்பும் கொண்டு செய்யப்பட்ட ஆராய்ச்சி இது. விஞ்ஞானம் கற்கும் நமது மாணவர் ஒரு தவணைக் காலத்தில் இதன் சிறு பகுதியைத் தாமே செய்து பார்க்கலாம்.

இவ்வளர்ச்சிக் கணக்கினால் நகம் ஒரு நாட்காட்டியாகின்றது. கடுங்காய்ச்சல் வந்த காலத்தில் நகவேர் தன் வேலையைச் சில நாள் நிறுத்திவிடும். பின்னர் அவ்விடைவெளி எல்லா விரல்களிலும் ஒரே அளவில் ஒரு குறுக்குப் பள்ளமாகத் தோன்றும். 1846-இல் இதனை எழுதிவைத்த பிரெஞ்சு வைத்தியர் போ என்பாரின் பெயராலேயே இக்கோடு இன்றும் வழங்கப்படுகின்றது. பள்ளம் நகத்தின் அடியிலிருந்து 6 மில்லிமீற்றர் தூரத்தில் இருந்தால், இரண்டு மாதத்துக்கு முன் வந்த டெங்குவையோ நெருப்புக் காய்ச்சலையோ நினைத்துப் பார்க்கலாம். சிறு பிள்ளைகளுக்குக் கை, கால், வாய்களிற் கொப்புளமிடும் காய்ச்சல் வந்து போன ஒன்றிரண்டு மாதத்தின் பின் நகங்கள் முற்றாகவே கழன்று விழுவதும் உண்டு. பார்க்கும் தாய்க்கு நெஞ்சு பதறும். ஆயினும் அடியில் புதிய நகம் அதற்கு முன்னரே புறப்பட்டிருக்கும். இவற்றுக்கு மருந்தும் இல்லை, படகும் வேண்டா.

வெள்ளைப் புள்ளியின் கதையும் அவ்வாறே. வானிற் பறந்து செல்லும் கொக்கு நகத்தில் பூப்போட்டுச் செல்கின்றது என்று தமிழ்ச் சிறுவர் நெடுங்காலமாகச் சொல்லி மகிழ்ந்துள்ளனர். கொக்கைக் காட்டிலும் கல்சியக் குறைவு என்ற கதைதான் இப்பொழுது கூடுதலாக நம்பப்படுகின்றது. உண்மையில் இரண்டுக்கும் ஆதாரம் ஒன்றே! நகவேரில் பட்ட சிறு தட்டு, நகத்தோலைக் கடித்தல், கிள்ளுதல் என்பனவே அப்புள்ளிக்குக் காரணம். அது வளர்ந்து நுனிக்கு வந்து வெட்டுப்பட்டுப் போகும்.

தொழில் விட்டுச் செல்லும் நிறங்கள் வேறு. மருதோன்றி இட்ட நகம் மாதக்கணக்கிற் சிவந்திருக்கும். மஞ்சள் அரைத்த கை ஓரிரு நாள் மஞ்சளாகும். கடும்நிற நகப்பூச்சை நீக்கிய பின் தகட்டில் ஒரு பழுப்பு மஞ்சள் தங்கிவிடும். சுருட்டும் சிகரெட்டும் பிடிப்போரின் இரு விரல்கள் பழுப்பேறியிருக்கும். புகைத்தலை ஒருவர் நிறுத்திவிட்டால், அந்த நாளிலிருந்து அடியில் தூய நகம் வளர, பழைய கறைக்கும் புதிய நகத்துக்கும் இடையே நேர்கோடு போல ஓர் எல்லை தெரியும். தந்தையார் புகைப்பதை எப்போது விட்டார் என்று மகள் அளவுகோல் வைத்துக் கணக்கிட்டுவிடலாம். அவர் சொல்லும் திகதி அதனோடு பொருந்த வேண்டும்.

நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளில் ஒரு கல் சரிந்து கால்விரலில் விழுந்தாலும், தோணியைக் கரையேற்றும்போது விரல் நசுங்கினாலும், நகத்தினடியில் இரத்தம் கட்டி நீலமாகிப் பின் கறுக்கும். வலி தாங்கமுடியாது விண்ணென்று தெறிக்குமாயின் முதல் நாளிலேயே உள்ளூர் வைத்தியசாலைக்குச் செல்லல் நன்று. வைத்தியர் நகத்தில் ஒரு சிறு துளையிட்டு அவ்விரத்தத்தை வெளியேற்றினால் வலி அப்பொழுதே அடங்கும். வீட்டில் ஊசியைக் காய்ச்சிக் குத்துவது சீழ் பிடிப்பதற்கே வழிசெய்யும்.

இனி, கடலும் நீரும் தரும் தொல்லைக்கு வருவோம். மீன் வெட்டுவோர், நண்டு கழற்றுவோர், வலை இழுப்போர், நாள் முழுதும் பாத்திரம் கழுவுவோர் ஆகிய இவர்களின் விரல்கள் காய்வதற்கு நேரம் கிடைப்பதில்லை. நகத்துக்கும் தோலுக்கும் இடையிலுள்ள மெல்லிய விளிம்பு ஊறி அறுந்துபோக, அந்த வாயில் வழியே காளான் வகைக் கிருமிகள் குடிபுகும். நகத்தைச் சுற்றிய தோல் தடித்துச் சிவந்து, நகத்தின் ஓரம் பழுப்பாகி மேடுபள்ளமாகும். சில வேளை, கழன்று எழும்பிய நகத்தினடியில் பாசிபோல் ஒரு கரும்பச்சை நிறம் தோன்றும். அது ஒரு வகைப் பக்றீரியா சுரக்கும் சாயம். பார்வைக்குப் பயங்கரமாயினும் பெரும்பாலும் இது எளிதில் தீருவதே. எழும்பிய பகுதியை வெட்டிவிட்டு, ஒரு பங்கு வினாகிரியை நான்கு பங்கு நீரிற் கலந்து நாளுக்கு இரு முறை சில நிமிடம் விரலைத் தோய்த்து, நன்றாகத் துடைத்து உலர்த்தி வந்தால், சில வாரத்தில் அடங்கிப் பச்சை நகம் வளர்ந்து வெளியேறும்.

நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் மாட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது விரலுக்கு ஓர் உறையாகி இதம் தருவது உண்மை. ஆனால் சீழ் கட்டிவிட்டால் பழம் அதனை வெளியேற்றாது. நீரிழிவுடையோர் எலுமிச்சம்பழத்தை நம்பி இரண்டு நாள் காத்திருப்பது விரலையே பணயம் வைப்பதாகும். நாட்பட்ட நகச்சுற்றுக்கு முதல் மருந்து உலர்ச்சியே. றப்பர்க் கையுறைக்குள் ஒரு பஞ்சுக் கையுறை அணிந்து வேலை செய்வதும், நகத்தோலைக் கிள்ளாதிருப்பதும் எந்தக் களிம்பிலும் பார்க்கப் பயன் தரும்.

கால்நகம் மஞ்சளாகித் தடித்து, நுனியில் மாவுபோல் உதிர்ந்தால் அனைவரும் "சொத்தை நகம்" என்பர். பூஞ்சணம் என்று மருந்துக்கடைக்காரரும் உடனே கூறிவிடுவார். பள்ளிப் பாடநூல்களில் பங்கசு என்று நீங்கள் படிப்பது அதுவே. ஆனால் இவ்வாறு கெட்ட நகங்களில் ஏறக்குறைய பாதியே உண்மையிற் பூஞ்சணத்தால் வருவன. எஞ்சியவற்றில் இறுகிய சப்பாத்தினால் வந்தவை உண்டு. முதுமையால் வந்தவை உண்டு. சொரியாசிஸ் என்னும் செதிள் நோயினால் வந்தவையும் உண்டு. ஊசியாற் குத்தியது போன்ற சிறு குழிகளும், எண்ணெய்த்துளி விழுந்தது போன்ற செம்மஞ்சட் புள்ளியும் இருந்தால் செதிள் நோயையே ஐயுறல் வேண்டும்.

இவ்வேறுபாடு வெறும் பெயர் ஆராய்ச்சி அன்று. பூஞ்சணத்துக்கு உட்கொள்ளும் மருந்து 1950-களின் இறுதியிற் கிறிசியோபுல்வின் என்ற பெயரில் முதன்முதல் வந்தது. இன்று பெரிதும் வழங்குவது ரேபினபின். கைந்நகத்துக்கு ஆறு வாரமும் கால்நகத்துக்குப் பன்னிரண்டு வாரமும் நாள்தோறும் உட்கொள்ள வேண்டிய மருந்து இது. ஈரல் நோயுடையோருக்குத் தகாது. வேறு சில மருந்துகளோடு முரண்படவும் கூடும். பூஞ்சணமே இல்லாத ஒரு நகத்துக்காக மூன்று மாதம் இதனை விழுங்குவது எத்துணை அறியாமை! ஆகவே மருந்துக்கு முன் சோதனை. நகத்தின் கெட்ட பகுதியிற் சிறிது வெட்டியும் அடியிலுள்ள தூளைச் சுரண்டியும் எடுத்து, பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஊறவைத்தால் நகம் கரைந்து, பூஞ்சண இழைகள் நுணுக்குக்காட்டியில் கண்ணுக்குத் தெரியும். மருந்து முடிந்த நாளிலேயே நகம் அழகாகிவிடும் என்றும் எதிர்பார்த்தல் ஆகாது. மேலே சொன்ன வளர்ச்சிக் கணக்கின்படி, கெட்ட கால்நகம் முழுவதும் வெளியேற ஓராண்டுக்கு மேல் செல்லும். இடையில் "மருந்து வேலை செய்யவில்லை" என்று வேறொரு கடைக்கு ஓடுவோரே பலர். கால் புண்ணோ நீரிழிவோ இல்லாத முதியவர் ஒருவர், வலியற்ற தடித்த நகத்தை வெட்டிச் சீராக வைத்துக்கொண்டு, மருந்தே வேண்டாம் என்று இருந்துவிடுவதும் தவறாகாது.

நகத்தின் நீளவாக்கில் அடி முதல் நுனி வரை ஓடும் பழுப்பு அல்லது கரிய கோட்டைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். கருநிறத்தோரில் இது மிகச் சாதாரணம். வயது செல்லச் செல்லப் பல விரல்களில் தோன்றும், தீங்கில்லை. பால் பொருள்களையும் தவிர்க்கும் கடுஞ் சைவ உணவினருக்கு விற்றமின் பி-12 குறைந்தாலும் விரற் கணுக்களும் நகங்களும் கறுக்கும். அவ்விற்றமினைக் கொடுக்க நிறம் மெல்லத் திரும்பும். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரின் நகங்கள் மருந்தினாற் கறுப்பதும் உண்டு.

ஆனால் ஒரே ஒரு விரலில், அதிலும் கைப் பெருவிரலிலோ கால் பெருவிரலிலோ, நடுவயது கடந்த ஒருவருக்குப் புதிதாகத் தோன்றிய கோடு வேறு. அது 3 மில்லிமீற்றரிலும் அகன்று செல்கிறதா, நிறம் ஒருசீராக இல்லையா, கருமை நகத்தைத் தாண்டி அருகிலுள்ள தோலுக்கும் பரவுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆம் என்று ஒரு விடை வந்தாலும் தாமதமின்றிப் படகேறுக. நகத்தினடியில் வரும் மெலனோமா என்ற புற்றுநோய் வலியின்றியே வளரும். கருமை தோலுக்குப் பரவும் இவ்வடையாளத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யோனதன் ஹட்சின்சன் என்ற ஆங்கில வைத்தியர் சுட்டிக்காட்டினார். ஜமேக்கா நாட்டின் புகழ்பெற்ற பாடகர் பொப் மார்லியின் கால்விரல் நகத்தில் இருந்ததைப் பந்து விளையாட்டிற் பட்ட காயம் என்றே முதலில் எண்ணினர். 1977-இல் அது மெலனோமா என்று தெரிந்தது. விரலை முற்றாக அகற்ற அவர் இசையவில்லை. 1981-ஆம் ஆண்டு மே மாதத்தில், முப்பத்தாறு வயதிற் காலமானார்.

கல் விழுந்து கட்டிய இரத்தத்தையும் இக்கருமையையும் வேறுபிரித்தறிய ஓர் எளிய உபாயம் உண்டு. கருமையின் பின்விளிம்புக்கு நேரே நகத்தில் மெல்லிய ஒரு கோடு கீறி வைத்து மூன்று, நான்கு வாரம் பொறுத்திருங்கள். இரத்தமாயின் அது கோட்டோடு சேர்ந்து முன்னே நகரும். பின்னால் தூய நகம் பிறைபோலத் தெரியும். கோடு மட்டும் நகர்ந்து, கருமை வேரைவிட்டு அசையாதிருக்குமானால் அது இரத்தம் அன்று.

எல்லா நகங்களும் ஒருங்கே நிறம் மாறினால் குற்றம் நகத்தில் இல்லை, உள்ளே இருக்கின்றது. வெளிறிய நகம் இரத்தச் சோகையின் குறி. இரும்புச் சத்துக் குறைவு நீடித்தால் நகம் மெலிந்து, நடுவிற் குழிந்து கரண்டிபோல் ஆகும். உணவுக்குப் பின் உடனே தேநீர் அருந்தும் நம் பழக்கம், உணவிலுள்ள இரும்பு உடலிற் சேர்வதைக் குறைக்கின்றது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நலம். கருப்பிணிகளும் வளரிளம் பெண்களும் இதனைக் கருத்திற் கொள்க. ஆனால் காரணம் அறியாமல் இரும்புக் குளிசை மட்டும் விழுங்குதல், விசேடமாக ஆண்களும் முதியோரும் அவ்வாறு செய்தல், குடலில் மறைவாக ஒழுகும் இரத்தத்தை மூடிவைப்பதாகலாம்.

நுனியில் ஒரு மெல்லிய பட்டை தவிர நகம் முழுவதும் அரைத்த கண்ணாடிபோல் வெளுத்திருப்பதை ஈரல் நோயாளரிற் கண்டு 1954-இல் எழுதினார் டெரி என்னும் வைத்தியர். அடிப்பாதி வெள்ளையாகவும் நுனிப்பாதி பழுப்பாகவும் இருப்பது நாட்பட்ட சிறுநீரக நோயிற் காணப்படும். இருபது நகமும் மஞ்சளாகித் தடித்து வளர்ச்சியே நின்றுபோக, மூச்சுமுட்டும் கால்வீக்கமும் சேர்ந்தால் நுரையீரலைப் பார்க்க வேண்டும், இது அரிது. நகத்தைக் கண்டு இந்நோய்களை வீட்டிலேயே தீர்மானித்துவிடலாகாது. இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்பட வேண்டும் என்பதற்கு அது ஒரு தூண்டுதல், அவ்வளவே. வயது முதிர்ந்தோரில் ஒரு நோயுமின்றி இவ்வெளுப்பு வருவதும் உண்டு.

நீலம் மட்டும் காத்திருக்காது. குளிரில் விரல் நீலமாதல் வேறு; கை சூடாயிருக்கையிலும் நகமும் உதடும் நாவும் நீலமாயிருத்தல் வேறு. பின்னையது இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்ததன் அறிகுறி. அது இதயமோ நுரையீரலோ ஆகலாம். மூச்சை ஒடுக்கும் பாம்புக்கடியாகவும் இருக்கலாம். இங்கே ஆறுதலாகப் படகு தேட நேரமில்லை. அருகிலுள்ள வைத்தியசாலைக்கே முதலிற் செல்ல வேண்டும்: நெடுந்தீவாயின் அங்குள்ள பிரதேச வைத்தியசாலை, ஊர்காவற்றுறையாயின் ஆதார வைத்தியசாலை. அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவதை வைத்தியர் முடிவு செய்வார்.

கைக்குழந்தையின் நீல நகத்துக்கு நம் நிலத்தோடு தொடர்புடைய காரணம் ஒன்றும் உண்டு. 1945-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்லி என்ற வைத்தியர், கிணற்று நீரிற் பால்மா கரைத்துக் கொடுக்கப்பட்ட சிசுக்கள் சாம்பல் நீலமாவதைக் கண்டார். நீரிலிருந்த நைத்திரேற்றுச் சிசுவின் குடலில் நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்திருந்தது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில், செறிவாகப் பயிர்செய்யப்படும் இடங்களிலுள்ள பல கிணறுகள் அவ்வளவைத் தாண்டியுள்ளதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டத்துக்கு இடும் உரமும், கிணற்றுக்கு அருகேயுள்ள மலகூடக் குழியும் காரணங்கள். தீவுகளிலோ உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் நன்னீரையே ஆழமற்ற கிணறுகள் தருகின்றன. மேலே சிந்துவது கீழே இறங்க அதிக காலம் எடாது. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றுப் போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதற்குப் பல நியாயங்கள் உள்ளன. தீவகத் தாய்மார் இதனையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.

படகேறுவது என்று முடிவானால் சில ஆயத்தங்கள் உண்டு. நகப்பூச்சை முதல் நாளே முற்றாக நீக்குக. மருதோன்றியைச் சில மாதம் தவிர்த்தல் நலம். விரலில் மாட்டி ஒட்சிசன் அளக்கும் சிறு கருவியின் கணக்கும் நகப்பூச்சினால் தவறக்கூடும். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுச் செல்லாதீர். சோதனைக்கு எடுக்க ஒன்றும் மிஞ்சாது. பூஞ்சணக் களிம்பு ஏதும் பூசி வந்திருந்தால் அதன் பெயரையும், எத்தனை நாள் பூசினீர் என்பதையும் குறித்துக் கொண்டு செல்க. உண்ணும் குளிசைகளின் உறைகளையும் உடன் எடுத்துச் செல்க. கைத்தொலைபேசி உள்ளவர், மாதமொரு முறை அதே விரலை அதே வெளிச்சத்திற் படமெடுத்து வைத்திருந்தால், வைத்தியர் கேட்கும் முதற் கேள்வியாகிய "இது எப்போதிருந்து?" என்பதற்கு வாயாற் பதில் சொல்ல வேண்டியதே இராது.